53 கிலோப் பிள்ளையை 48 கிலோவுக்குள் அடைக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. உயர்தரம் படிக்கிறாள். இரண்டு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறாள். நிறை 53 கிலோ. 48 கிலோப் பிரிவில் ஆள் குறைவு, குறைத்தால் பதக்கம் நிச்சயம் என்று பழக்குகிற சேர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இராச் சாப்பாடு இல்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறாள். மூன்று மாதமாக மாதவிடாயும் வரவில்லை. படிப்பு முடிந்ததும் வெளிநாட்டில் தொழில்முறை வீராங்கனையாகப் போவேன் என்கிறாள். மூக்கு உடைந்தால் யார் கட்டுவான் என்று மச்சாள்மார் கேட்கிறார்கள். நிறுத்தவா, விடவா? இதில் பிழைப்பு இருக்கிறதா? அடுத்த போட்டியைப் பார்க்க வரச் சொல்கிறாள். எனக்கு நெஞ்சு பதறுகிறது.
பெயர் வேண்டாம், கல்லடி.

பதில்:

அன்புத் தங்கச்சி,

குத்துச்சண்டையை நிறுத்த வேண்டாம். நிறைக் குறைப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். வீட்டில் இந்த இரண்டும் ஒரே சண்டையாகிவிட்டது போலத் தெரிகிறது. பிரித்துப் பேசினால் மகளும் காது கொடுப்பாள்.

மாதவிடாய் நின்றதைக் கடிதத்தின் நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. கடுமையாகப் பயிற்சி செய்யும் உடம்புக்குத் தேவையான சாப்பாடு போகாவிட்டால், உயிர் வாழ அவசியமில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் அதில் முன்னால் நிற்பது. கூடவே ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு இளகும். எலும்பு உரமேறுகிற வயதே இதுதான். இப்போது இழந்ததை 25 வயதில் பால் குடித்து முழுமையாக மீட்க முடியாது. விளையாடும் பெண்களுக்குக் கால் எலும்பில் மயிரிழை வெடிப்பு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். மூன்று மாதம் என்பது வைத்தியரிடம் போகவேண்டிய கணக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், பயிற்சியையும் சாப்பாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் இரும்புச் சேமிப்பையும் பார்க்கக் கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். கோபப்படாதீர்கள், மாதவிடாய் நின்று வருகிற எந்தப் பெண்ணுக்கும் அது வழமை. சர்வதேசப் போட்டிக்குப் போகும் வீராங்கனைகளும் கர்ப்பமில்லை என்று உறுதிப்படுத்தியே வளையத்துக்குள் ஏறுகிறார்கள்.

மழைக்கோட்டு ஓட்டத்தில் கரைவது கொழுப்பு இல்லை, தண்ணீர். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இப்படி வியர்த்து நிறை குறைக்கப் போய் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். எங்கள் ஊர் வெயிலும் புழுக்கமும் அதைவிட மோசம். தண்ணீர் வற்றிய உடம்போடு தலையில் குத்து வாங்குவதைப் பற்றி நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மகள் வீடியோக்களில் தொழில்முறை வீராங்கனைகள் நிறை குறைப்பதைப் பார்த்திருப்பாள். அவர்களுக்குப் போட்டிக்கு முதல் நாளே நிறை பார்ப்பார்கள். பிறகு ஒரு இரவும் பகலும் குடித்துச் சாப்பிட்டுத் தேற நேரமிருக்கிறது. மகள் நிற்கிற அமெச்சூர், அதாவது தொழில்முறை அல்லாத போட்டியில், சண்டை நடக்கும் அன்று காலையில் நிறை பார்ப்பார்கள். அடுத்த சுற்றுக்குப் போனால் அந்த நாள் காலையிலும் தராசில் ஏற வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்துக்கு நடந்ததை மகளுக்கு நினைவூட்டுங்கள். வழமையாக 53 கிலோவில் மல்யுத்தம் செய்தவர், 50 கிலோவுக்கு இறங்கி, முதல் நாள் மூன்று போட்டிகளை வென்று இறுதிக்கு வந்தார். மறுநாள் காலை 100 கிராம் கூட. இரவு முழுவதும் வியர்த்தும் இறங்காத அந்த 100 கிராமுக்காகத் தகுதி நீக்கினார்கள். அவர் இறங்கியது மூன்று கிலோ சிறிய பிரிவுக்கு, அதுவும் பெரிய வைத்தியக் குழுவோடு. உங்கள் மகளிடம் கேட்பது ஐந்து கிலோ. அவளுடைய உடம்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

சேர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த போட்டியின் பதக்கத்தைப் பார்க்கிறார். ஆனால் தூரத்தைப் பார்த்தாலும் அவருடைய கணக்குப் பிழை. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஏழு பிரிவுகள்: 51, 54, 57, 60, 65, 70, 75. 48 கிலோ அதில் இல்லவே இல்லை. மகள் 53 கிலோவோடு வயிறாரச் சாப்பிட்டு 54 கிலோப் பிரிவில் நிற்கலாம். 17 வயதில் இன்னும் கொஞ்சம் தசை ஏறினாலும் 57 இருக்கிறது.

மேரி கோமின் கதையை இதற்காகத்தான் சொல்கிறேன். 45, 46, 48 கிலோப் பிரிவுகளில் உலகப் பட்டங்களை வென்றவர் அவர். 2012இல் லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது ஆகச் சிறிய பிரிவு 51 கிலோ. உடம்பைக் கூட்டி, தன்னைவிடப் பெரிய பெண்களோடு மோதி வெண்கலம் எடுத்தார். 2018இல், மூன்று ஆண்பிள்ளைகளின் தாயாக, தன் இயல்பான 48 கிலோவில் ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில், 48 கிலோ அரையிறுதியில் அவரை எதிர்த்து நின்றது எங்கள் நாட்டு அனுஷா கொடித்துவக்கு. தோற்றார், ஆனால் வெண்கலத்தோடு வந்தார். 48 கிலோ அவர்களுக்குப் பொருந்திய பிரிவு. உங்கள் மகளுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டுப் பவுடர் தேடி அலையாதீர்கள். பயிற்சிக்கு முன் பிட்டோ இடியப்பமோ, பிறகு முட்டை, சூடை மீன், கௌபி, முருங்கையிலைச் சுண்டல், எங்கள் எருமைத் தயிர். இராச் சாப்பாட்டை அவளோடு நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இனிப் பிழைப்பு. நேராகச் சொல்கிறேன்: பெண்களின் சிறிய நிறைப் பிரிவுகளில் தொழில்முறைக் குத்துச்சண்டையை மட்டும் நம்பிச் சாப்பிடுபவர்கள் உலகத்திலேயே சிலர்தான். புதிதாக வருபவருக்கு இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு, உலகப் பட்டத்துக்குப் பத்து. சம்பளம் மாதத்துக்கு இல்லை, சண்டைக்குச் சண்டை. அதிலும் பயிற்றுவிப்பாளருக்குப் பெரும்பாலும் பத்து வீதம், முகாமையாளருக்கு அதைவிடக் கூட. கை முறிந்தால் அந்த ஆறு மாதமும் வருமானம் இல்லை. பெண்களுக்குப் பெரிய பணம் வந்தது பெரும்பாலும் 57, 60 கிலோப் பக்கத்திலும் அதற்கு மேலும்தான். 2022 ஏப்ரல் 30 அன்று கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கின் பிரதான சண்டையில் மோதிய பிறகே அந்தக் கதவு அகலத் திறந்தது. 50 கிலோவுக்குக் கீழே ஜப்பானிலும் மெக்சிக்கோவிலும் அருமையான வீராங்கனைகள் இருக்கிறார்கள், பணம் குறைவு.

ஜேர்மனியின் ரெஜினா ஹால்மிச் ஃபிளைவெயிற்றில், அதாவது 50.8 கிலோ எல்லைக்குள், 1995 முதல் 2007இல் ஓய்வு பெறும் வரை பட்டத்தைக் கையில் வைத்திருந்தார். 56 சண்டைகளில் 54 வெற்றி. அவரும் சட்டத்தரணி அலுவலக வேலைக்கான பயிற்சியைக் கற்று முடித்தவர். மகள் உயர்தரத்தை விடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக விசேட அனுமதி இருக்கிறது, அதற்கும் உயர்தரச் சித்தி வேண்டும். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. கல்வியியற் கல்லூரி வழியாக உடற்கல்வி ஆசிரியராகலாம். நாட்டின் பலமான குத்துச்சண்டைக் கழகங்கள் முப்படையிடமும் பொலிஸிடமும் இருப்பதால் பலர் அந்த வேலைகளுக்குப் போகிறார்கள். எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு அது இலகுவான பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை மகளும் நீங்களும் அவசரமில்லாமல் பேசி முடிவெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் சண்டை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், கட்டாருக்கும் குவைத்துக்கும் ஆள் அனுப்பும் ஏஜென்ற் வந்தால் என்னென்ன கேட்பீர்களோ அத்தனையும் கேளுங்கள். கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைச் சட்டத்தரணி வாசிக்க வேண்டும். சொந்த ஊர் வீராங்கனை வெல்வதற்காக, இரண்டு வார அவகாசத்தில் ஏழை நாட்டுப் பெண்களை அடிவாங்க அழைக்கிற வழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. நல்ல அமெச்சூர் அனுபவம் இல்லாமல் போகிற பிள்ளைக்கு அந்த இடம்தான் கிடைக்கும்.

மச்சாள்மாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்தியாவின் நிஸாமாபாத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த குத்துச்சண்டை வீராங்கனை நிகத் சரீனின் காற்சட்டையைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் சுற்றம் பேசியது. தகப்பன் மகள் பக்கம் நின்றார். 2022இலும் 2023இலும் அவள் உலக சம்பியன். (இதை வாசிக்கும் காத்தான்குடி, சம்மாந்துறைத் தாய்மாருக்கும் ஒன்று: சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் ஹிஜாபும் உடல் மறைக்கும் உடையும் 2019இலேயே அனுமதிக்கப்பட்டன.) மூக்கைவிட நான் கவலைப்படுவது மூளையைப் பற்றி. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆகவே சேரிடம் மகளோடு போய் இருந்து கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் முழு வேகத்தில் அடிபடுகிறார்கள்? யாரோடு? தன்னைவிடப் பத்துக் கிலோ கூடிய பையன்களோடா? தலை சுற்றினால் பயிற்சியை நிறுத்துவது யார்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். மாவட்டச் செயலகத்தின் விளையாட்டுப் பிரிவிலும் உங்கள் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிடமும் வேறு பயிற்றுவிப்பாளர்களைப் பற்றி விசாரியுங்கள்.

போட்டி பார்க்கக் கட்டாயம் போங்கள், ஆனால் வைத்தியர் அனுமதித்து, அவள் 54 கிலோவில் நிற்கிற போட்டிக்கு. நடுவர் இடையில் நிறுத்தி எட்டு வரை எண்ணினால் பயந்து எழும்ப வேண்டாம். பலமான குத்து விழுந்ததும் தொடர முடியுமா என்று பார்க்கத்தான் அந்த எண்ணிக்கை. வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தியர் இருக்கிறாரா என்று மட்டும் முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், யார் என்ன சொன்னாலும்.