போர்டு மாறிச்சு, ஆளு மாறலையே!

கேள்வி: ரஷ்யாவோட வாக்னர் கூலிப்படையை பயங்கரவாத அமைப்புன்னு அறிவிக்கணும்னு அமெரிக்காவுல ஒரு மசோதா வந்துச்சே, என்ன ஆச்சு சார்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

சட்டமாகவே இல்லைங்க. 2022 டிசம்பர்ல விக்கர், கார்டின்னு ஆளுக்கொரு கட்சி செனட்டர்ங்க சேர்ந்து கொண்டுவந்தாங்க, அப்புறம் 2023லயும் திரும்ப கொண்டுவந்தாங்க, அவ்ளோதான்.

கேள்வி: ஏற்கெனவே தடை போட்டாச்சே, அப்புறம் எதுக்கு தனியா ஒரு சட்டம்? (ஒரு வாசகி, ஓசூர்)

நல்லா கேட்டீங்க. 2023 ஜனவரியில அமெரிக்க நிதித்துறை வாக்னரை நாடு கடந்த குற்றக் கும்பல்னு அறிவிச்சுது, அதுல சொத்தை முடக்கலாம், பேங்க் கணக்கை மூடலாம். ஆனா வெளிநாட்டு பயங்கரவாத அமைப்புன்னு முத்திரை குத்திட்டா, தெரிஞ்சே காசோ பொருளோ ஆளோ கொடுத்து உதவுறவனுக்கும் 20 வருஷம் வரை ஜெயில், அதனால துப்பாக்கி புடிச்சவனைவிட அவனோட யாவாரம் பண்றவனுக்குத்தான் வயிறு கலங்கும். சிக்கலும் அங்கதான். மாலி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல எல்லாம் இவங்களை கூப்பிட்டு வெச்சுக்கிட்டதே அந்தந்த அரசாங்கம், அப்போ மந்திரி, அதிகாரின்னு எல்லாரும் கேஸ்ல வந்து விழுவாங்க, அப்புறம் அவங்களோட வாஷிங்டன் எப்படி உறவு வெச்சுக்கும்? இந்தத் தயக்கம்தான் மசோதாவை உக்கார வெச்சுருச்சுன்னு எனக்குப் படுது. பிரிட்டன் பயங்கரவாத அமைப்புன்னு தடை பண்ணிருச்சு, 2023 செப்டம்பர்ல, அதாவது வாக்னர் தலைவர் பிரிகோஜின் விமானத்தோட விழுந்து செத்து மூணு வாரம் கழிச்சு!

கேள்வி: தலைவரே போயிட்டாரு, இனி யாரைப் புடிக்கிறது? (கல்லூரி மாணவர், கரூர்)

2025 ஜூன்ல வாக்னர் மாலியை விட்டுக் கிளம்புறதா சொல்லிட்டு போச்சு, அந்த இடத்துல ரஷ்ய பாதுகாப்பு அமைச்சகத்தோட ஆப்பிரிக்கா கார்ப்ஸ் இருக்கு, அதுல பல பேரு பழைய வாக்னர் ஆளுங்கதான். கூலிப்படைன்னா பயங்கரவாத முத்திரை குத்தலாம், ஒரு நாட்டோட ராணுவத்துல ஒரு பிரிவுன்னா கை நடுங்குமில்ல (ஈரான் புரட்சிக் காவல்படைக்கு 2019ல குத்தினாங்க, அது வேற கதை).

வாக்னர் மேல விழுற ஒரு குற்றச்சாட்டையும் சொல்லிடறேன்: மாலியில மூரான்னு ஒரு ஊரு, 2022 மார்ச் கடைசியில சந்தை நடக்கிற நாள் மாலி ராணுவமும் கூட வெளிநாட்டு ஆளுங்களும் ஹெலிகாப்டர்ல வந்து இறங்கினாங்க, அஞ்சு நாள்ல குறைஞ்சது 500 பேரைக் கொன்னாங்க, 58 பெண்களும் சிறுமிகளும் பாலியல் வன்முறைக்கு ஆளானாங்கன்னு ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 மே மாசம் அறிக்கை விட்டுச்சு. அதுல மாலி ராணுவத்தோட வந்தவங்களை 'வெளிநாட்டு ராணுவ ஆட்கள்'னு மட்டும்தான் எழுதியிருந்துச்சு. மாலி அரசாங்கமோ செத்தவங்க எல்லாருமே தீவிரவாதிங்கன்னு சொல்லிருச்சு.