ப்ளீச்சும் கொப்புளமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தெருவில் வந்து விற்றவரிடம் ப்ளீச் வாங்கினேன். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். தரையைத் துடைத்த மறுநாள் விரலிடுக்கில் கொப்புளம். கேட்டால், "உங்க தோல்தான் சரியில்லை" என்கிறார்.

பதில்: அவர் சொல்வதை நம்பாதீர்கள். வீட்டு ப்ளீச்சில் கறையை வெளுக்கும் ரசாயனமான சோடியம் ஹைப்போகுளோரைட் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் இருக்கும். தொழிற்சாலைச் சரக்கில் 10 சதவீதத்துக்கும் மேல். இரண்டுக்கும் அதே வெளிர் மஞ்சள், அதே வாடை. கண்ணாலும் மூக்காலும் பிரித்தறிய முடியாது, அச்சிட்ட எண் ஒன்றுதான் வழி. அந்த எண்ணைக் கிழித்துப் போட்டுவிட்டு விற்பவர்கள்மேல் எனக்குப் பல வருடக் கோபம். எத்தனை பங்கு தண்ணீர் சேர்ப்பது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எண் இல்லாவிட்டால் கணக்கும் இல்லை, கை வெந்துபோகும். அதைவிடக் கொடுமை தண்ணீர் பாட்டில். தாகத்தில் ஒரு குழந்தை எடுத்துக் குடித்தால் யார் பொறுப்பு?

மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். மேலே "ப்ளீச், குடிக்கக் கூடாது" என்று எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். பாட்டிலையும் கையையும் படம் எடுங்கள். மருத்துவர் சீட்டோடு நுகர்வோர் புகாருக்கு அதுதான் சாட்சி.

கேள்வி: கறை போகவில்லையே என்று ப்ளீச்சோடு கழிப்பறை ஆசிட்டையும் ஊற்றினேன். மூச்சு முட்டியது. போலிச் சரக்கா?

பதில்: சரக்கில் குற்றமில்லை. சேர்க்கக் கூடாது என்று பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவர் முகத்துக்கு நேராக! இன்னும் இருமலோ நெஞ்சிறுக்கமோ இருந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கேள்வி: கையுறை போட்டும் கொப்புளம் வந்தது. எப்படி?

பதில்: எனக்கும் இதே நடந்தது. மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கட்டு மெல்லிய கையுறை வாங்கினேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி முனையளவு ஓட்டை. உள்ளே புகுந்த ப்ளீச் வெளியேற வழியில்லாமல் அரை மணி நேரம் தோலிலேயே ஊறியது. முதலில் வழவழப்பு, அப்புறம் எரிச்சல், மாலையில் மிளகளவு நீர்க்கொப்புளம். அந்த வழவழப்பு வந்ததுமே கழற்றியிருக்க வேண்டும். ப்ளீச்சின் காரம் தோலைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவுங்கள். எதிர்மருந்து என்று வினிகர் ஊற்றாதீர்கள்.

இப்போதெல்லாம் கையுறையில் தண்ணீர் நிரப்பி, வாயை முறுக்கி அழுத்திப் பார்த்த பிறகுதான் போடுகிறேன். ஓட்டை இல்லாமலும், கையுறை மூடிய இடம் வரை மட்டும் அரித்துக் கொப்பளித்தால் ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம். ரப்பர் பால் சேராத நைட்ரைல் வகைக்கு மாறிப் பாருங்கள்.

கேள்வி: கொப்புளத்தை உடைத்துப் பற்பசை தடவலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: நீச்சல் குளத்துக்குப் போய்வந்த மகனுக்கு உடம்பில் கொப்புளங்கள். குளோரின் நீக்கும் சோப்பு வாங்கலாமா?

பதில்: காசை வீணாக்காதீர்கள். ஒழுங்காகப் பராமரிக்கும் குளத்தில் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம்தான். தோல் வறளும், அரிக்கும், கொப்புளம் கிளம்புவது அரிது. காய்ச்சலோடு வந்தால் அம்மையா என்று பார்க்க வேண்டும். தோளில் மட்டும் என்றால் வெயில், குதிகாலில் என்றால் செருப்பு உரசல். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் கிருமித் தொற்று, மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டும். மருத்துவர் பார்க்கும்வரை குளத்துக்கு அனுப்பாதீர்கள்.