சுவர்க்கோழிகள் ஏன் நான்கே நாளில் சாகின்றன?

கேள்வி: என் லெப்பர்டு கெக்கோ பல்லிக்காக ஒரு தடவைக்கு ஐம்பது சுவர்க்கோழிகள் வாங்குகிறேன். நான்காம் நாளிலேயே பாதி செத்துக் கிடக்கின்றன, பெட்டியும் நாறுகிறது. தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறேன், வெள்ளரித் துண்டு போடுகிறேன், தப்பி ஓடிவிடக் கூடாதென்று மூடியையும் இறுக்கி வைக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: கிண்ணம், வெள்ளரி, இறுக்கிய மூடி. தவறு மூன்றையும் நீங்களே வரிசையாகச் சொல்லிவிட்டீர்கள். இவை சேர்ந்து பெட்டியைப் புழுங்கவைத்துவிட்டன. நான் பார்த்தவரை, வீட்டுப் பெட்டிகளில் தாகத்தால் சாகும் சுவர்க்கோழிகளைவிட ஈரத்தால் சாகிறவையே அதிகம். எச்சமும் மிச்ச உணவும் நனைந்து அழுகினால் அம்மோனியா கிளம்பும். காற்றோட்டமில்லாத பெட்டியில் அது பூச்சிகளைச் சாய்த்துவிடும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி உங்களுக்கே தாங்கவில்லை என்றால், தரையோடு தரையாக அதிலேயே கிடப்பவற்றின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

முதலில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். சிறு பூச்சிகள் ஒரு மூடித் தண்ணீரிலும் மூழ்கிச் செத்துவிடும். அதற்குப் பதில் ஒரு கேரட் வில்லையோ உருளைக்கிழங்குத் துண்டோ போதும். வெள்ளரி வேண்டாம், அது சீக்கிரம் கூழாகிவிடும். துண்டைத் தரையில் போடாமல் ஒரு சிறு மூடியில் வைத்து, தினமும் மாற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் நீர் ஜெல் மணிகளும் நல்லவை. ஈரப் பஞ்சு வைப்பவர்கள் உண்டு. நாள் தவறாமல் மாற்றினால்தான் அது சரிப்படும், இல்லாவிட்டால் கிருமி வளர்க்கும் பண்ணைதான். நான் அதைக் கைவிட்டு வெகு காலமாகிறது. ஆனால் ஈரத்துக்குப் பயந்து நீரே கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். தாகமெடுத்த சுவர்க்கோழி பக்கத்தில் இருப்பதைக் கடித்துத் தின்னும்.

அடுத்து பெட்டி. வழவழப்பான சுவருள்ள உயரமான பிளாஸ்டிக் பெட்டியாக இருக்கட்டும், அதில் அவற்றால் ஏற முடியாது. மூடியில் நாலைந்து ஊசித் துளைகள் போதாது. நடுவில் பெரிய சதுரமாக வெட்டியெடுத்து, உலோகக் கம்பி வலையை ஒட்டுங்கள். நைலான் வலையை ஒரே இரவில் கடித்துத் துளைத்துவிடும்; விடிந்ததும் அலமாரிக்குப் பின்னாலிருந்து ரீங்காரம் கேட்கும். உள்ளே மண், மரத்தூள் எதுவும் வேண்டாம். அட்டை முட்டைத் தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்தால் எச்சம் கீழே உதிர்ந்துவிடும், பூச்சிகளுக்கும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒதுங்க இடம் கிடைக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டை வேறு பெட்டியில் உதறி, பழைய பெட்டியைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். செத்தவற்றைத் தினமும் அகற்றுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் சாகிறதா? அப்படியானால் வயதைப் பாருங்கள். இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முழு வளர்ச்சியடைந்த சுவர்க்கோழிக்கு மிச்சமிருக்கும் ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான். முதுகை மூடிய முழு இறக்கையோடு, ரீங்கரித்துக்கொண்டு இருக்கும் ஆணை வாங்கி வந்தால், நீங்கள் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் கிழம் கிழம்தான். பெண்ணை அடையாளம் காண்பது எளிது, வாலில் ஊசிபோல நீண்ட முட்டையிடும் குழாய் இருக்கும். இறக்கை முளைக்காத, பாதி வளர்ந்தவற்றைக் கேட்டு வாங்குங்கள். இன்னும் சில வாரம் இருக்கும், இரவில் சத்தமும் போடாது. உங்கள் பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரியதாக மட்டும் இருக்கக் கூடாது.

வளரும் பூச்சி அவ்வப்போது தோலுரிக்கும். உரித்த கையோடு உடல் பால்வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அந்தச் சில மணி நேரத்தில்தான் பசித்த மற்றவை அதைத் தின்றுவிடும். எனவே உலர் உணவு எந்நேரமும் இருக்க வேண்டும். ஓட்ஸ், கோதுமைத் தவிடு, அதோடு புரதத்துக்குக் கொஞ்சம் மீன் தீவனத் தூள். கீரை போட்டால் பூச்சிமருந்து படாததாக இருக்கட்டும்.

சுவர்க்கோழிகளுக்குக் கால்சியம் செறிந்த தீவனம் கொடுப்பது பல்லிக்குத் தேவைதான். ஆனால் பூச்சிகளைப் பல்லிக்குப் போடுவதற்கு முந்தைய ஓரிரு நாள் மட்டும் அதைக் கொடுங்கள். நாள்பட அதையே தின்றால் சுவர்க்கோழிகள் சீக்கிரம் சாகும்.

வெப்பநிலையை 24 டிகிரி செல்சியஸை ஒட்டி வையுங்கள். பண்ணைகளில் 30 டிகிரி வரை வைப்பது வேகமாக வளர்க்க. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேரெதிர், மெதுவாக வளர்ந்தால்தான் நாள் நீளும். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பூச்சிகள் மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டே பெட்டியோடு மொத்தமாகச் சாகின்றன என்றால், அது டென்சோவைரஸ் தொற்றாக இருக்கலாம். 2010 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றைக் காலி செய்தது இதுதான். பல்லிக்கு இது தொற்றாது. ஆனால் அந்தப் பெட்டியையும் அட்டைகளையும் எறிந்துவிடுங்கள், பழைய கூட்டத்தில் புதியதைக் கலக்காதீர்கள்.

இரவில் பல்லி தின்னாமல் விட்ட பூச்சிகளை அதன் கூண்டிலிருந்து பொறுக்கி எடுக்கவும் மறக்காதீர்கள். பசித்தால் அவை தூங்கும் பல்லியின் விரலையும் கடிக்கும்.