முதல் உதையும் இரண்டாவது உதையும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஃபுட்பேக் நெட் என்ற ஆட்டம் பற்றி, சிறு பைப்பந்தைக் காலால் மட்டும் வலைக்கு மேல் உதைத்து ஆடுவது பற்றி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இங்கே பெர்லினில் ஆடுபவர்களைத் தேடிப் போனேன். இப்போது வாரம் ஒரு நாள் அவர்களோடு ஆடுகிறேன். வட்டமாக நின்று உதைக்கும்போது ஒரு குறையும் இல்லை. ஐம்பது அறுபது உதை வரை பந்து கீழே விழுவதில்லை. வலைக்கு முன்னால் வந்துவிட்டால் எல்லாம் போய்விடுகிறது. சர்வீஸ் வந்தால் முதல் உதையே எங்கோ பறக்கிறது. என்னோடு ஜோடி சேர்பவர் பொறுமைசாலி, ஒன்றும் சொல்வதில்லை. காலாலும் தலையாலும் வலைக்கு மேல் பந்தை அடித்து ஆடும் செபாக் தக்ரோ வீடியோக்கள் பார்த்து ஸ்பைக், அதாவது பந்தை எதிர்ப்பக்கம் கீழே அடிக்கும் உதை, பழகுகிறேன். பத்துக்கு எட்டு வலையில் மாட்டுகிறது. இடது கால் சுத்தமாக வரவில்லை. தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடியும், பெரும்பாலும் தனியாகத்தான். என்ன பயிற்சி செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளைக்கு ஸ்பைக்கை மறந்துவிடுங்கள். உங்கள் ஸ்பைக் வலையில் மாட்டுவதற்கு ஸ்பைக் காரணமாக இருக்காது. அதற்கு முந்தைய உதைகளைப் பாருங்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 3 உதை. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை உதைக்கக் கூடாது. அப்படியென்றால் சர்வீஸை எடுப்பவர் யாரோ அவரேதான் மூன்றாவது உதையான ஸ்பைக்கையும் அடித்தாக வேண்டும். நடுவில் ஜோடி செட் செய்து, அதாவது பந்தை வலைக்குப் பக்கத்தில் உயரமாக எழுப்பி, கொடுப்பார். வாலிபாலில் எடுப்பவர் ஒருவர், அடிப்பவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். இங்கே அது முடியாது. பின்கோட்டுக்குப் பக்கத்தில் சர்வீஸை எடுத்த நீங்களே வலைக்கு ஓடிவந்து, நின்று, காலைத் தூக்க வேண்டும். கோர்ட் பாட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தின் அளவுதான், 44 அடிக்கு 20 அடி. உங்கள் பாதி 22 அடி ஆழம். அந்தத் தூரத்தைக் கடக்க நேரம் வேண்டும். முதல் உதையும் இரண்டாவது உதையும் எவ்வளவு உயரம் போகின்றனவோ அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். முதல் உதை தாழ்வாகப் போனால் ஜோடி பாய்ந்து எடுக்கிறார். அவர் பாய்ந்து எடுத்த பந்து உயராது. நீங்கள் பாதி ஓட்டத்தில் காலை வீசுகிறீர்கள், பந்து வலைக்குள் போகிறது. இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

வட்டத்தில் ஐம்பது உதை வருகிறதே என்று கேட்கலாம். வட்டத்தில் பந்து மேலிருந்து மெதுவாக, நேராக விழுகிறது. இடுப்பு உயரம், மார்பு உயரம் உதைத்தால் போதும். அந்தப் பழக்கம்தான் காலில் தங்கிவிட்டது. வலை 5 அடி உயரம். செட் குறைந்தது அதைப்போல இரண்டு மடங்காவது எழும்ப வேண்டும். ஆகவே தனியாகப் பழகும்போது இனி எண்ணாதீர்கள். எத்தனை உதை என்பது இந்த ஆட்டத்தில் ஒரு கணக்கே இல்லை. பத்தடி உயரத்தில் ஒரு மரக்கிளையையோ விளக்குக் கம்பத்தில் ஏதாவது ஓர் அடையாளத்தையோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உதையும் அதைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். அது வந்த பிறகு, பந்து மேலே இருக்கும்போது குனிந்து தரையைக் கையால் தொட்டுவிட்டு நிமிர்ந்து அடுத்த உதை. தரையைத் தொட நேரம் இல்லையென்றால் உதை தாழ்வு என்று அர்த்தம். உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள முடியாத பயிற்சி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

உள்பாத உதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உயரம் வேண்டும் என்றதும் எல்லோரும் காலை வேகமாக வீசுவார்கள். பந்து முன்னால் ஓடிவிடும். வீச வேண்டாம், தூக்குங்கள். நிற்கும் காலின் முழங்காலை நன்றாக மடக்கி உட்காருவதுபோல இறங்குங்கள். உதைக்கும் காலின் கணுக்காலை உள்பக்கமாகத் திருப்பி இறுக்குங்கள். கணுக்காலுக்குக் கீழே இருக்கும் அந்தத் தட்டையான பகுதி வானத்தைப் பார்க்க வேண்டும். பந்தை நன்றாகக் கீழே வரவிடுங்கள், மறு முழங்காலுக்கும் கீழே. அப்புறம் நிற்கும் கால் நிமிர்வதும் உதைக்கும் கால் எழுவதும் ஒன்றாக நடக்கட்டும். உயரம் தொடையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும். பாதம் சாய்ந்தால் பந்து சாய்ந்த பக்கம் போகும். பந்து எங்கோ பறப்பதற்கு அநேகமாக இந்தச் சாய்வுதான் காரணம்.

எந்தப் பந்தில் பழகுகிறீர்கள் என்று எழுதவில்லை. வட்டத்தில் ஆடும் மணல் நிரப்பிய மெத்தென்ற பந்து காலில் பட்டதும் அடங்கிவிடும். நெட் ஆட்டப் பந்து கெட்டியானது, 32 துண்டுகள் வைத்துத் தைத்தது, உள்ளே பிளாஸ்டிக் மணிகள். காலிலிருந்து துள்ளும். இரண்டுக்கும் கால் வேறு மாதிரி பழக வேண்டும். தனியாக இருக்கும்போதும் நெட் பந்தையே எடுங்கள். இவ்வளவு சொன்னாலும் சுவரில் அடித்துப் பழக அது லாயக்கில்லை, டென்னிஸ் பந்துபோலத் திரும்பி வராது.

சர்வீஸ் எடுப்பதை மட்டும் தனியாகப் பழக முடியாது. உங்கள் ஜோடி பொறுமைசாலி என்கிறீர்கள். அவரை அந்த வார நாளில் கால் மணி நேரம் முன்னால் வரச் சொல்லுங்கள். அவர் வலைக்கு அந்தப் பக்கம் நின்று கையால் வீசட்டும், உதைக்க வேண்டாம். கையால் வீசினால் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் திரும்பத் திரும்ப விழும். உங்கள் பக்கத்தில் வலையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஒரு துண்டை விரித்துப் போடுங்கள். நீங்கள் எடுக்கும் பந்து தலைக்கு மேல் உயர்ந்து அந்தத் துண்டில் விழ வேண்டும். முதலில் நேராக, அப்புறம் இடது பக்கம், வலது பக்கம், கடைசியாக மார்புக்கு நேராக.

மார்புக்கு வரும் பந்தைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் செபாக் தக்ரோவில் அந்தப் பந்தைத் தலையால் எடுப்பார்கள், மார்பால் அடக்குவார்கள், தொடையில் வாங்குவார்கள். ஃபுட்பேக் நெட்டில் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான். சட்டையில் உரசினால்கூடப் புள்ளி போய்விடும். வலையின் உயரமும் கோர்ட்டின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் இரண்டு ஆட்டங்களின் முதல் தொடுதல் அடியோடு வேறு. மார்புக்கு வருகிற பந்துக்கு இரண்டு வழி: பின்னால் நகர்ந்து அது இறங்க இடம் கொடுப்பது, அல்லது பக்கவாட்டில் விலகி வெளிப்பாதத்தால் எடுப்பது. ஜோடி வீசும்போது சில தடவை உதைக்கவே செய்யாமல் நகர மட்டும் செய்யுங்கள். பந்து உங்கள் காலுக்கு முன்னால் தரையில் விழுந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். எதிராளி உதைக்கும் அந்த நொடியில் இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். மற்றபடி சின்னச் சின்ன அடிகள்தான். பெரிய எட்டு வைத்தால் உதைக்கும் நேரத்தில் நிற்கக் கால் இருக்காது.

இடது கால் பற்றி. இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது தெரியுமா? 1972இல் அமெரிக்காவின் ஆரெகன் சிட்டியில் ஜான் ஸ்டால்பெர்கர் முழங்கால் அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்தார். மைக் மார்ஷல் கையால் செய்த ஒரு சிறு பையை வைத்து உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவரும் சேர்ந்துகொண்டார். காலைத் தேற்ற உதைத்த உதையிலிருந்துதான் ஹாக்கி சாக் என்று பெயர் பெற்ற பைப்பந்தும் அதற்குப் பின்னால் வந்த எல்லாமும். மார்ஷல் 1975இல் இளம் வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். ஸ்டால்பெர்கர்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். பலம் குன்றிய காலுக்காகத் தொடங்கிய ஆட்டத்தில் ஒரு காலை நாமே பலமில்லாமல் விட்டுவைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஆட்டத்திலும் அது நடக்காது. உங்களுக்கு இடது இல்லை என்று கண்டுபிடித்தவர் எல்லா சர்வீஸையும் அங்கேதான் போடுவார். அரை மணி நேரத்தின் முதல் பத்து நிமிடம், கால் களைக்கும் முன்னால், இடதுக்கு மட்டும். கடைசியில் வைத்தால் செய்யவே மாட்டீர்கள். கையால் தலைக்கு மேல் போட்டு, ஒரே ஒரு உதை, கையால் பிடி. மறுபடி போடு. தொடர்ந்து உதைக்க ஆசைப்பட்டால் வலது கால் தானாக உள்ளே நுழைந்துவிடும்.

சர்வீஸ் போடுவது தனியாகப் பழகக் கூடியது. பாட்மிண்டன்போலக் குறுக்குக் கட்டத்தில் விழ வேண்டும். பின்கோட்டு மூலையில் கைக்குட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தூக்கிப் போடாமல் கையிலிருந்து நழுவ விடுங்கள். தினமும் ஒரே உயரத்தில் நழுவினால் பாதி வேலை முடிந்தது.

ஸ்பைக்குக்கு எப்போது திரும்பலாம்? தரையைத் தொடும் பயிற்சி இரண்டு காலிலும் வந்த பிறகு. அதுவரை தொடையின் பின்தசையை நீட்டும் பயிற்சியை மட்டும் தினமும் செய்யுங்கள். உடம்பு சூடாகாமல் காலைத் தலை உயரத்துக்கு வீசினால் அந்தத் தசைதான் முதலில் பிடித்துக்கொள்ளும், பல வாரம் உட்கார வைத்துவிடும். திரும்பும்போதும் செட் கேட்காதீர்கள். வலைக்கு ஓரடி தள்ளி நின்று நீங்களே கையால் மேலே போட்டு, உள்ளங்காலால் மேலிருந்து அழுத்துங்கள். உங்கள் கால் வலையில் பட்டால் அதுவும் தவறு.

ஒன்று விட்டுப்போயிற்று. சிங்கிள்ஸ் ஆடுங்கள். அங்கே 2 உதைதான். எடுக்கும் உதையே உங்களுக்கு நீங்கள் செய்துகொள்ளும் செட், அடுத்தது வலையைத் தாண்டிவிட வேண்டும். தாழ்வான உதைக்கு உடனே தண்டனை கிடைக்கும், காப்பாற்ற ஜோடி இருக்க மாட்டார். முழு கோர்ட் வேண்டாம், வலையோடு ஒட்டிய பாதியில் ஆடினாலே மூச்சு வாங்கும். உங்கள் குழுவில் ஒருவர் சம்மதித்தால் போதும், நாலு பேர் வந்து சேரும்வரை சும்மா நிற்கும் நேரத்திலேயே ஒரு ஆட்டம் முடித்துவிடலாம்.