வாடகை வீடு மாறும்போது புரோக்கர் கமிஷன் எதற்கு?

வீடு தேடுபவரையும் வீட்டு உரிமையாளரையும் சேர்த்துவைப்பதற்கான கூலிதான் கமிஷன். சென்னையில் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. டூலெட் பலகை மாட்டாத காலி வீடுகளும் புரோக்கருக்குத் தெரியும்; அந்தத் தகவல்தான் அவர் தொழிலுக்கு முதல். பல வீடு காட்டியும் ஒன்றும் அமையாவிட்டால் அவருக்குக் காசில்லை. அந்த அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் படிந்த வீட்டில் வாங்குகிறார். அது நியாயமான கூலி என்பதே என் கருத்து.

கல்யாணத் தரகர் ஜாதகம் கொண்டுவருவார், குடும்பத்தைப் பற்றி விசாரிப்பது நம் பொறுப்பு அல்லவா? இதுவும் அப்படித்தான். குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள்; இருந்தால் போர் தண்ணீர் உப்பு என்று அர்த்தம். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அதற்குத் தனிக் காசா என்று பக்கத்துக் குடித்தனக்காரரிடம் கேளுங்கள். கரண்ட் மீட்டர் தனியாக இருக்கட்டும்.

கமிஷன் வாங்கியவரே அட்வான்ஸுக்கும் பொறுப்பு என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, அதைத் திருப்பித் தரவேண்டியவர் உரிமையாளர். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது, அதில் அட்வான்ஸ் தொகையைக் குறிப்பிட்டு, பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.