ஒரு கிராமமே விரட்டப்பட்ட வரலாற்றை ஒலியால் உணர்த்த முடியுமா?

முடியும். ஆனால் பின்னணியில் சோக வயலினை இழையவிடுவது அதற்கு வழியல்ல. கேட்பவர் என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே கட்டளையிடுகிற சோம்பேறித்தனம் அது.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ நூறாண்டுகள், செம்மறிப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலவுடைமையாளர்கள் வெளியேற்றினார்கள். 1814இலும் 1819இலும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் கொளுத்தப்பட்டன. மரம் அரிதான ஊர் அது. கூரை உத்தரம் எரிந்தால் மறுபடி வீடு எழும்பாது. அப்படிப்பட்ட இடிபாடுகளுக்கு நடுவே ஆடு கத்துவதை மட்டும் பதிவு செய்தால் போதும். மனிதர்களை அகற்றிவிட்டு வந்த குரல் அதுதான்.

அதற்கு எதிரே நான் வைப்பது கம்பளி அடிக்கும் பாட்டு. நெய்த கம்பளி இறுகுவதற்காக, ஈரத் துணியைப் பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே தாளத்தில் அறைவார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மலைநாட்டின் கேலிக் (Gaelic) மொழியில் பல்லவி பாடுவார்கள். குடிபெயர்ந்தவர்களோடு கனடாவின் கேப் பிரெட்டனுக்கும் அது போனது. அங்கே ஆண்களும் மேசையில் அமர்ந்துகொண்டார்கள்! இரண்டு பதிவுகளையும் வர்ணனை சேர்க்காமல் அடுத்தடுத்து ஒலிக்கவிடுங்கள், ஆட்டின் குரல் முதலில்.