போக்கிமான் கேமை முழு ஓப்பன் வேர்ல்டாக நீங்கள் வடிவமைத்தால் எப்படிச் செய்வீர்கள்?

என் அக்கா மகனுக்கு 11 வயது. உயிரினங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் போக்கிமான் தொடரின் வயலட் கேமை விளையாட உட்கார்ந்தவன், எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம் என்று கேம் சொன்னதை அப்படியே நம்பி நேராகப் பனிமலைக்கு ஏறிவிட்டான். அங்கிருந்த ஜிம்மில், அதாவது லீடரை ஜெயித்து பேட்ஜ் வாங்கும் இடத்தில், எதிராளிகள் எல்லாம் லெவல் 40க்கு மேல். இவனிடம் இருந்த போக்கிமான்கள் 20ஐச் சுற்றி. இரண்டு முறை அடி வாங்கிவிட்டு வந்து, "மாமா, எந்த ஜிம் முதல்ல, எது அடுத்துன்னு லிஸ்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். நெட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வரிசை மாறாமல் முடித்தான்.

2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலட் இரண்டிலும் 8 ஜிம், 5 டைட்டன் (ராட்சத போக்கிமான்), டீம் ஸ்டார் என்ற கும்பலின் 5 முகாம் என்று மொத்தம் 18 இடங்கள். எதை முதலில் தொட்டாலும் கேம் தடுக்காது. ஆனால் எதிராளியின் லெவல் உங்களுக்காகக் கூடவோ குறையவோ செய்யாது. கேட்டி என்ற லீடரின் ஜிம்மில் அதிகபட்சம் 15, குரூஷா என்ற லீடரின் ஜிம்மில் 48. பலம் பெற்ற பிறகு கேட்டியைப் பார்க்கப் போனால் ஒரே அடியில் முடிந்துவிடும். வரிசை இருக்கிறது, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, நம்மோடு சேர்ந்து எதிராளியின் லெவலும் ஏறட்டும் என்பது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஜிம் லீடரின் வேலை வருகிறவரைச் சோதிப்பது. முதல் பேட்ஜுக்கு வந்தவனிடம் ஒரு டீம், ஆறாவது பேட்ஜுக்கு வந்தவனிடம் வேறு டீம் என்று அவர் இறக்குவது நியாயம்தான். ஆனால் வீட்டுப் பக்கத்துப் புல்லில் திரியும் பிட்ஜி, நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது லெவல் 45ல் நின்றால் நான் எதற்காக வளர்ந்தேன்? ஆகவே ஜிம் மாறட்டும், காடு அப்படியே இருக்கட்டும்.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 1999ல் வந்த கோல்டு, சில்வர் கேம்களில், ஜோட்டோ என்ற ஊரின் 5, 6, 7ஆம் ஜிம்களை நமக்குப் பிடித்த வரிசையில் முடிக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்காக அந்த மூன்று லீடர்களின் முக்கியமான போக்கிமான்களையும் லெவல் 30, 31, 35 என்று ஒட்டி ஒட்டி வைத்தார்கள். அதன்பின் எட்டாவது ஜிம் லீடர் கிளேரின் கிங்டிரா என்ற போக்கிமான் திடீரென 40ல் வந்து நிற்கும். வழியில் கிடைக்கும் காட்டு போக்கிமான்களோ சின்னச் சின்ன லெவல். அவற்றை அடித்து அடித்து டீமை ஏற்றுவது எவ்வளவு சலிப்பு என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். மூன்றே ஜிம்மைத் திறந்துவிட்டதற்கு இந்தப் பாடு.

சரி, என் வடிவமைப்புக்கு வருகிறேன். எடுத்துக்கொள்ளும் ஊர் பழைய கான்டோதான். தொடரின் முதல் கேம்களான ரெட், கிரீன் 1996ல் அங்கேதான் நடந்தன. அப்போது இருந்த 151 போக்கிமான் போதும், ஆயிரம் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பழைய கான்டோவில் உங்களைத் தடுத்தவை என்னென்ன? பியூட்டர் நகரத்தில் ஒரு பையன் வழிமறித்து ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போவான். சாஃப்ரான் நகர வாசலில் தாகமெடுத்த காவலர்கள். நடுவழியில் படுத்துத் தூங்கும் ஸ்நார்லாக்ஸ் என்ற குண்டு போக்கிமான். அப்புறம் கட், சர்ஃப், ஸ்ட்ரெங்த் ஆகிய எச்எம்கள், அதாவது மரம் வெட்ட, நீந்த, பாறை தள்ளப் போக்கிமானுக்குக் கற்றுத்தர வேண்டிய மூவ்கள். இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் திட்டினோம். ஒரு போக்கிமானுக்குச் சண்டையில் இருப்பதே நான்கு மூவ், அதில் ஒன்றை மரம் வெட்டுவதற்கு வீணாக்க வேண்டும். டீமில் ஒன்று இதற்காகவே சுமையாகக் கூட வரும்.

ஆனால் அதற்குள் ஒரு நல்ல யோசனை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் பிடித்த ஒன்றுதான் என்னைக் கடலைத் தாண்ட வைத்தது. ஸ்கார்லெட், வயலட்டில் சவாரிக்குக் கேமே தரும் கோரைடானோ மிரைடானோ ஒன்றே ஓடும், நீந்தும், மிதக்கும், சுவர் ஏறும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் தேடித் தேடிப் பிடித்த எதற்கும் அந்த மேப்பில் வேலையே இல்லை. அவை சண்டைக்கு மட்டும்.

நான் அதைத் திருப்பிப் போடுவேன். பேட்ஜும் லெவலும் வழி திறக்க வேண்டாம், பிடித்த உயிரினம் திறக்கட்டும். அதுவும் மூவ் எதையும் செலவழிக்காமல், அதன் உடம்பால் முடிந்ததை அது செய்யட்டும். சாண்ட்ஷ்ரூ தோண்டும். மச்சோக் பாறையைத் தள்ளும். லாப்ரஸ் உங்களைச் சுமந்து நீந்தும், ஸ்குவர்டில் நீந்தும் ஆனால் சுமக்காது.

கான்டோவின் ராக் டனல் குகையை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிருட்டு. ஸ்டார்ட்டராக, அதாவது தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் முதல் போக்கிமானாக, சார்மேண்டரை எடுத்தவனுக்கு அதன் வால் நெருப்பே விளக்கு, முதல் நாளே உள்ளே போகலாம். பல்பசார் எடுத்தவன் வேறு வெளிச்சம் தேட வேண்டும், இல்லாவிட்டால் டனலைச் சுற்றி வர வேண்டும். பழைய கேமில் ஸ்டார்ட்டர் என்றால் முதல் ஜிம் லீடர் பிராக்கை ஜெயிப்பது எளிதா கஷ்டமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதில் உங்கள் கான்டோவும் என் கான்டோவும் முதல் மணி நேரத்திலேயே பிரிந்துவிடும். ஸ்நார்லாக்ஸை எழுப்பவும் பழைய கேம்போலப் புல்லாங்குழல் ஒன்றே வழி என்று இருக்கக் கூடாது. பசித்தால் அது தானாக எழும்; எழும் நேரம் பார்த்துக் காத்திருக்கலாம், சாப்பாட்டு வாசனை காட்டி எழுப்பலாம், லாப்ரஸ் இருந்தால் கடல் வழியே கடந்து போய்விடலாம்.

சாவி உயிரினம் என்றால், அதைப் பிடிப்பது பந்தெறியும் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. இந்தத் தொடரைத் தொடங்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்து அலைந்தவர். எந்த மரத்தில், எந்த நேரத்தில், எதன் அடியில் என்று தெரிந்தவனிடம்தான் பூச்சி சிக்கும். கோல்டு, சில்வரில் இதற்கு அருமையான இரண்டு உதாரணம் உண்டு: யூனியன் கேவ் என்ற குகையில் லாப்ரஸ் வெள்ளிக்கிழமை மட்டும் வரும். மவுன்ட் மூனில் திங்கள் இரவு கிளெஃபேரிகள் ஆடும். லெவல் எவ்வளவு இருந்தாலும் கிழமை தெரியாதவனுக்கு ஒன்றும் கிடையாது. 2022 ஜனவரியில் வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் என்ற போக்கிமான் கேம் இதை இன்னும் கொஞ்சம் முன்னே கொண்டுபோனது. அதன் மேப் துண்டு துண்டானது, ஒரே நிலமாக ஓடாது. இருந்தும் ஸ்டார்லி உங்களைக் கண்டால் பறந்துவிடும், பிடூஃப் கண்டுகொள்ளாது, ஷின்க்ஸ் பாய்ந்து வரும். புல்லில் குனிந்து பதுங்கிப் போக வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் ஸ்கார்லெட்டைவிட அதில்தான் வெளி உலகம் உயிரோடு இருந்தது.

151 போதும் என்றது இதற்காகத்தான். ஒவ்வொன்றுக்கும் எப்போது தூங்கும், எதைத் தின்னும், யாரைக் கண்டால் ஓடும், மழையில் என்ன செய்யும் என்று எழுத வேண்டும். ரெட்டில் காட்டு ஆப்ராவுக்குத் தெரிந்த ஒரே மூவ் டெலிபோர்ட். கண்ணில் பட்ட அடுத்த நிமிடம் காணாமல் போய்விடும். அந்த ஒரு மூவிலேயே அதன் குணம் முழுக்க வந்துவிட்டது. 151க்கும் அப்படி ஒன்று யோசிப்பது பெரிய வேலை. மேப்பை நான்கு மடங்கு பெரிதாக்குவது அதைவிடச் சுலபம், அதனால்தான் பலரும் அதைச் செய்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு சாவி உயிரினத்தை மட்டும் கிடைக்கவே கிடைக்காதபடி வைத்துவிட்டால் ஆள் மாட்டிக்கொள்வான். அதனால் எந்தப் பூட்டுக்கும் குறைந்தது மூன்று சாவி இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ ஸ்குவர்டில் எடுத்தவன் ராக் டனலுக்குள்ள எப்படிப் போவான்?" விரிடியன் காட்டில் பிக்காச்சு அபூர்வமாக வரும், அதன் மின்னல் வெளிச்சத்தில் போகலாம் என்றேன்.

"அது வர்ற வரைக்கும் எல்லாரும் காட்டுலயே உட்கார்ந்திருக்கணுமா?"

"உட்காரட்டுமே" என்றேன்.